படமும் வேண்டும், எழுத்தும் வேண்டும்!

திருப்பூர் உழைக்கும் ஊர். பல மாவட்டங்களிலிருந்தும், வட மாநிலங்களிலிருந்தும் குடும்பங்கள் பிழைப்புத் தேடி இங்கே வருகின்றன. வாடகை வீடு மாறும்போது பாத்திரம் பண்டம் பத்திரமாகப் போய்ச் சேரும். பிள்ளையின் பள்ளிச் சான்றிதழ் காணாமல் போகும்!

2015-ல் சென்னையில் வெள்ளம் வந்தபோது என்ன நடந்தது? எத்தனையோ குடும்பங்களின் ரேஷன் கார்டும், சான்றிதழும், வீட்டுப் பத்திரமும் தண்ணீரோடு போயின.

ஆகவே, முக்கியமான காகிதங்களை ஸ்கேன் செய்து வைப்பது நல்லது. ஆனால், எந்த வடிவில் வைப்பது? அதில்தான் பலர் தவறுகிறார்கள்.

எந்திரம் படிக்கிறது

ஸ்கேன் எந்திரம் காகிதத்தைப் படம் பிடிக்கிறது. அவ்வளவுதான். அதில் உள்ள எழுத்து, கம்ப்யூட்டருக்கு வெறும் கறுப்புப் புள்ளிதான். அந்தப் புள்ளிகளைப் பார்த்து, "இது க, இது ங" என்று கண்டுபிடிக்க வேறொரு மென்பொருள் இருக்கிறது. படித்து முடித்ததும் அது, "பி.டி.எப். வேண்டுமா? வேர்டு வேண்டுமா? எக்செல் வேண்டுமா?" என்று கேட்கும். கைக்கு வந்ததை அமுக்கிவிடக் கூடாது.

ஏன்? எந்திரமும் தப்பாகப் படிக்கும். தமிழில் 'ர' என்ற எழுத்தும் துணைக்காலும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முன் 'லை', 'னை', 'றா' போன்ற எழுத்துக்கள் வேறு வடிவில் அச்சாயின. அந்தக் காலத்துக் காகிதம் என்றால் எந்திரம் திணறும். கையெழுத்து என்றால் கேட்கவே வேண்டாம்!

சர்வே எண்ணில் உள்ள 1-ஐ, 7 என்று படித்துவிட்டால் என்ன ஆகும்? உங்கள் நிலம் அடுத்தவர் நிலம் ஆகிவிடும்!

எதற்கு எது?

பத்திரம், பட்டா, சான்றிதழ் ஆகியவற்றுக்குத் தேடக்கூடிய பி.டி.எப். நல்லது. மேலே காகிதத்தின் படம் அப்படியே இருக்கும். அடியில் எழுத்து மறைந்திருக்கும். பெயரைச் சொல்லித் தேடலாம். எந்திரம் தப்பாகப் படித்திருந்தாலும் படம் பொய் சொல்லாது. நெடுங்காலம் வைத்திருக்க, 'பி.டி.எப்.-ஏ' என்ற வகை இருக்கிறது. 2005-ல் உலகத் தரமாக ஏற்கப்பட்டது அது.

பனியன் கம்பெனியின் நூல் பில், சாயப்பட்டறை பில், பீஸ் கணக்கு ஆகியவற்றுக்கு எக்செல் ஏற்றது. அதில் கூட்டிப் பாருங்கள். காகிதத்தில் உள்ள மொத்தத்தோடு ஒத்து வருகிறதா? வராவிட்டால், எங்கோ ஓர் எண் மாறியிருக்கிறது. கணக்கோடு பில்லின் படத்தையும் சேர்த்து வையுங்கள்.

தாத்தா அச்சிட்ட புத்தகம், பழைய மலர் ஆகியவற்றுக்கு எழுத்துக் கோப்பு போதும். ஆனால், அது யூனிகோடு எழுத்தாக இருக்க வேண்டும். முன்பு ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு முறை இருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால், புரியாத கிறுக்கல்தான் தெரியும். 2010-ல் தமிழக அரசும் யூனிகோடை ஏற்றுக்கொண்டது.

விக்கிமூலம் காட்டும் வழி

தமிழ் விக்கிமூலத்தில் பழைய நூல்களை ஏற்றுகிறார்கள். ஒரு பக்கம் நூலின் படம். மறு பக்கம் எந்திரம் படித்த எழுத்து. தொண்டர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பிழை திருத்துகிறார்கள். நாமும் வீட்டில் அப்படியே செய்யலாம். பிள்ளைகள் கம்ப்யூட்டரைப் பார்க்கட்டும். பெரியவர்கள் காகிதத்தைப் பார்த்துப் பெயரையும் எண்ணையும் உரக்கப் படிக்கட்டும்.

ஸ்கேன் செய்யும்போது அங்குலத்துக்கு 300 புள்ளி வையுங்கள். எழுத்து தெளிவாக விழும். கோப்பை இரண்டு இடத்தில் வையுங்கள்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது என்று அசல் காகிதத்தை எறிந்துவிடக் கூடாது. கடன் கேட்டுப் போனால், வங்கியில் அசலைத்தான் கேட்பார்கள்.