அடுத்த சரணம்

இந்த வாரமும் லஞ்ச வழக்கில் ஓர் அதிகாரி கைது. இந்த வாரமும் தொலைக்காட்சி விவாதத்தில் ஒருவர் பட்டுக்கோட்டையாரைத் துணைக்கு அழைத்தார். திருடன் தானாகத் திருந்தினால்தான் உண்டு, சட்டத்தால் ஆகாது என்று அவரே பாடிவிட்டாராம். எதிரே இருந்தவரும் தலையாட்டினார். பாட்டிலிருந்து ஒரு வரியைப் பிய்த்தெடுத்துப் பழமொழியாக்குகிறவர்கள் மீது இந்தப் பத்திக்கு இருக்கும் எரிச்சல் உங்களுக்குப் பழகியதுதான். கல்யாண வீட்டு மேடையில் செய்தாலாவது பொறுத்துக்கொள்ளலாம். ஊழலுக்குத் தீர்வு சொல்கிற இடத்திலுமா? கைதானவரை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும், நாம் பாட்டுக்கு வருவோம்.

அந்த வரி வருகிற ‘திருடாதே’ படம் வெளிவந்தது 1961-இல். பாட்டை எழுதிய பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959-லேயே, 29 வயதில், இறந்துவிட்டார். ‘பாக்கெட் மார்’ என்ற இந்திப் படத்தைத் தழுவிய கதை; எம்.ஜி.ஆருக்கு ஜேப்படிக்காரர் வேடம். குழந்தைக்குப் புத்தி சொல்வதாகத்தான் பாட்டு தொடங்குகிறது. ஆனால் அந்தப் புகழ்பெற்ற வரி வருகிற சரணத்தை முழுதாகக் கேளுங்கள். அங்கே இருப்பது தனி ஆள் அல்ல, கூட்டம். அதுவும் திட்டமிட்டுத் திருடுகிற கூட்டம். எதிரே சட்டம் போட்டுத் தடுக்கிற இன்னொரு கூட்டம். இருவரும் ஓயவில்லை, திருட்டும் ஓயவில்லை. அந்த இழுபறியின் முடிவில்தான் நம் விவாதக்காரரின் வரி வருகிறது. அவர் அங்கேயே பாட்டை நிறுத்திவிடுகிறார். பாட்டுக்காரர் நிறுத்தவில்லை. அடுத்த சரணத்தில், உள்ளதெல்லாம் பொதுவாகிவிட்டால் பதுக்கும் வேலையே இருக்காது என்கிறார். பதுக்கல் ஜேப்படிக்காரனின் தொழிலா? அது கிடங்கு வைத்திருப்பவனின் தொழில். ரேஷனையும் கள்ளச்சந்தையையும் கண்ட தலைமுறைக்கு அரிசி மூட்டை எங்கே போய் ஒளியும் என்று தெரியும். பதுக்கலைத் தடுக்க அத்தியாவசியப் பொருட்கள் சட்டம் வந்ததே 1955-இல்தான். ஆக, குழந்தையிடம் தொடங்கிய பேச்சு மூன்றாவது சரணத்தில் சொத்துடைமையில் வந்து நிற்கிறது.

சினிமாப் பாட்டில் இவ்வளவு தேடலாமா, சூழலுக்கு எழுதியதுதானே என்பார்கள். சூழலுக்கு வேண்டியது புத்திமதி மட்டும்தான். பொதுவுடைமையைக் கதை கேட்கவில்லை. கேட்காததை வைத்தவர் விவசாயிகள் இயக்கத்தில் இருந்தவர், கம்யூனிஸ்ட் ஏடான ‘ஜனசக்தி’யில் கவிதை எழுதியவர். திருந்தச் சொல்வது தனிமனித ஒழுக்கம்தானே என்றால், ஆமாம், அதுவும் பாட்டில் இருக்கிறது. உழைப்பில் உறுதி வந்தால் கெடுக்கும் எண்ணம் வளராது என்றும் சொல்கிறார். ஆனால் அதைச் சொல்வது, எல்லாம் பொதுவாவதைப் பற்றிப் பேசிய பிறகு. இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: கொடுக்கும் காலம் நெருங்குகிறது என்று அதே சரணத்தில் அவர் சொல்லி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது, காலம் வரவில்லை. இந்த இடத்தில் பட்டுக்கோட்டையாரோடு தாராளமாக மல்லுக்கட்டலாம். கட்டத்தான் ஆளில்லை; விவாதத்துக்கு வருகிறவர்கள் இரண்டாவது சரணத்தோடு எழுந்து போய்விடுகிறார்கள்.