சுவைத்தறியும் கலை

பிறந்தநாள் என்றால் புத்தாடை, கோயிலில் அருச்சனை, மாலையில் கேக், இரவில் வயிறு புடைக்க விருந்து என்பதே நம் இல்லங்களில் நிலைபெற்றுவிட்ட வழக்கம். மேனாட்டாரிற் சிலர் அன்றைய பிற்பகலை நண்பர் சூழத் திராட்சை மதுவைச் சுவைத்தறிவதிற் கழிப்பர். பல புட்டிகளிலிருந்து சிறிது சிறிதாக வார்த்து, நிறம் நோக்கி, மணம் முகர்ந்து, நாவில் உருட்டி, விழுங்காமலே உமிழ்ந்துவிடுவதும் உண்டு. குடிப்பதன்று, அறிவதே அதன் நோக்கம். 1976ஆம் ஆண்டு மே மாதத்தில், பெயர்ச்சீட்டுகளை மறைத்துப் பாரிஸ் நகரில் நடத்திய சோதனையொன்றில், பிரெஞ்சு நடுவர்களே கலிபோர்னியா மதுவுக்கு முதலிடம் வழங்கிவிட்டனர். பெயரை மறைத்தால் நாக்கு மெய் பேசும் போலும்!

மதுவை வீட்டுக்குள் அழைக்குமாறு நாம் கூறவரவில்லை. அத்தகைய நுண்சுவைப் பொருளொன்று நம் நாட்டு மலைகளிலேயே விளைகின்றது. அதுவே தேயிலை. 2024 ஆகஸ்டில் நண்பர் ஒருவருக்கு அறுபது வயது நிறைந்தபோது, கேக்கிற்குப் பதிலாக ஐந்து கோப்பைத் தேநீரை வரிசையாக வைத்து அப்பிற்பகலைக் கழித்தோம்.

தேயிலைச் சுவைஞர் கைக்கொள்ளும் முறை எளிதானது. 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம் இலை. நன்கு கொதித்த நீர். மூடியிட்டு ஆறு நிமிடம். பாலும் சீனியும் கூடா. உலர்ந்த இலை, ஊறிய இலை, வடித்த சாறு ஆகிய மூன்றையும் நோக்கவேண்டும். பின்னர் கரண்டியால் மொண்டு, ஓசையெழ உறிஞ்சவேண்டும். சாறு காற்றோடு கலந்து மணம் மூக்கின் உட்புறம் ஏறுவதற்காகவே அந்த ஓசை. வீட்டிற் பிள்ளைகள் செய்தால் அதட்டப்படும் செயல், இங்கே தொழில்முறையாகிவிடுகின்றது!

நுவரெலியா, டிம்புள்ள, ஊவா, கண்டி, ருகுணை என்னும் ஐந்து பகுதிகளின் தேயிலையையும் பெயர் மறைத்து வைத்தோம். செடி ஒரே இனந்தான். ஆயினும் சுவை ஒன்றன்று. 2,000 அடிக்குக் கீழே விளைந்தது கருஞ்சிவப்பாகக் கனத்து நிற்கும். 4,000 அடிக்கு மேலே விளைந்தது நிறத்தில் மெலிந்து மணத்தில் ஓங்கும். ஊவாவின் கதை இன்னும் வியப்பானது. ஆடி, ஆவணி மாதங்களிற் கச்சான் காற்று மலையைக் கடந்து வறண்டு வீச, நீரின்றி வாடும் செடி தன் கொழுந்தில் தனியானதொரு நறுமணத்தைத் தேக்கிக்கொள்கின்றது.

மூன்றாவது கோப்பையின் மூடியைத் திறந்ததும், வாயில் வைக்குமுன்னரே, "இது ஊவா" என்றார் நண்பர். அவர் பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்திற் பிறந்தவர்.

"இரவில் ஸ்டோரிலிருந்து லயத்துக்கு வரும் வாசம் இதுதான்," என்றவர் சற்றுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "அம்மா முப்பது வருடம் கொழுந்து பறித்தார். இலையின் பருவத்தை விரல்நுனியால் அறிவார். வீட்டிற் குடித்ததோ தூளில் வடித்த சாயத்தண்ணீர். தம் மலைத் தேயிலைக்கு உலகில் இப்படியொரு பெயர் இருப்பதை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை," என்றார்.

அவ்வுரைக்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை அதனிடத்தைப் பிடித்தது. 1883இற் கொழும்பில் ஏலம் தொடங்கிற்று. ஏலத்தில் தோட்டத்தின் பெயர் உண்டு. பறித்த கையின் பெயர் இல்லை. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்பதை நினைத்தால் அக்கைகளின் உழைப்பு விளங்கும்.

தமிழகத்திலிருந்து வந்து மலையைப் பொன்னாக்கிய அம்மக்களுட் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. நண்பர் பிறந்து இரண்டு மாதம் கழிந்து, 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மக்களைப் பங்கிட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரைப்பற்றிப் பின்னர் பார்ப்பதென முடிவாயிற்று. நாடற்றோராக எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. இத்தகையோருக்குப் பிறந்த மண்ணிற் பிறந்தநாள் கொண்டாடுவது வெறுங்கேளிக்கையாகுமா?

வாசக அன்பர்களே! உங்கள் இல்லத்தில் அடுத்த பிறந்தநாள் வரும்போது, மூன்று மலைகளின் தேயிலையைச் சிறிது சிறிதாக வாங்கிவாருங்கள். பெற்றோர் கோப்பைகளை மறைத்து வைக்கட்டும்; பிள்ளைகள் ஊகித்துத் தேசப்படத்தில் இடத்தைக் காட்டட்டும். மாணவர்க்குப் புவியியலும் வரலாறும் அங்கேயே கிடைக்கும். அவ்வேளையிற் கொழுந்து பறித்த கைகளைப் பற்றியும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். நண்பரின் தாயாருக்கு எவரும் சொல்லாமல் விட்டதை, நம் பிள்ளைகளேனும் அறிந்து வளரட்டும்.