கொம்பு இடம் மாறினால் ஆளே மாறிப்போகும்

தரவுத்தளத்தில் ‘மேகலா’ என்று சரியாகத்தான் இருக்கும். பொத்தானை அழுத்திப் பற்றுச்சீட்டைத் தரவிறக்கினால் ‘மகேலா’ என்று வரும். ‘கேசவன்’ ‘கசேவன்’ ஆகிவிடுவார். ‘பெயர்’ என்ற சொல்லே ‘பயெர்’ என்று கிடக்கும். ரியூசன் பற்றுச்சீட்டு, தேர்ச்சி அறிக்கை, சங்கத்தின் சந்தாச் சீட்டு, போட்டிச் சான்றிதழ் என்று இணையச்செயலிகள் தமிழில் ஆக்கித் தரும் பிடிஎஃப்களில் இந்தக் கூத்தை நீங்களும் பார்த்திருப்பீங்கள். சிரிச்சுப்போட்டு விட்டிருப்பீங்கள். சிரிச்சுப்போட்டு விடுற விசயம் இல்லை இது எண்டுதான் நாங்கள் சொல்ல வாறம்.

என்ன நடக்குது எண்டு முதல்ல பார்ப்பம். இப்படி ஆக்கப்படும் பிடிஎஃப் முன்னமே எங்கேயும் சேமித்து வைக்கப்பட்ட கோப்பு அல்ல. நீங்கள் பொத்தானை அழுத்திய பிறகுதான் செயலி தரவுத்தளத்திலிருந்து பெயரையும் தொகையையும் எடுத்து, ஒரு வார்ப்புருவில் நிரப்பி, ஆவணமாக்கி உலாவிக்கு அனுப்புகிறது. அந்த ஒரு நொடிக்குள் தமிழ் மூன்று இடங்களில் உடையலாம்.

முதலாவது, எழுத்தைக் கோர்க்கும் இடம். ஒருங்குறியில் ‘மே’ என்பது முதலில் ‘ம’, பிறகு இரட்டைக்கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. கண்ணுக்குக் காட்டும்போது கொம்பு முன்னுக்கு வர வேண்டும். ‘கொ’ என்றால் ஒரே குறியீடு இரண்டாகப் பிரிந்து ‘க’வின் இரு பக்கமும் நிற்க வேண்டும். ‘கு’, ‘மு’, ‘து’ ஒவ்வொன்றுக்கும் தனி வடிவம். குரோம், பயர்பொக்ஸ் உலாவிகளுக்குள் ஹார்ஃபஸ் என்ற இலவச மென்பொருள் இந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்கிறது. ஆனால் பிடிஎஃப் என்பது வரைந்து முடித்த தாள் மாதிரி. எந்த வடிவம் எந்த இடத்தில் நிற்கும் என்று ஆக்குகிற நிரல்தொகுதியே முடிவெடுக்க வேண்டும். அதற்குக் கோர்க்கத் தெரியாவிட்டால் கொம்பை இருந்த வரிசையிலேயே வைத்துவிடும். அந்தக் கொம்பு பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். மேகலா மகேலாவாவது இப்படித்தான்.

இரண்டாவது, எழுத்துரு. உங்கள் மடிகணினியில் விண்டோஸ் இருந்தால் தமிழ் எழுத்துரு அதோடேயே வந்திருக்கும், எல்லாம் வடிவாத் தெரியும். அதே செயலியை லினக்ஸ் சேர்வரில் ஏற்றினால் அங்கே தமிழ் எழுத்துருவே இருக்காது. பிறகென்ன, பக்கம் முழுக்கப் பெட்டி பெட்டியாக வரும்.

மூன்றாவது சின்ன விசயம், கோப்பின் பெயர். உலாவி கோப்பைத் திறந்து காட்டுவதா, இறக்கி வைப்பதா, என்ன பெயரில் வைப்பது என்பதையெல்லாம் கொன்ரென்ற்-டிஸ்பொசிஷன் என்ற தலைப்புவரி சொல்கிறது. அதில் தமிழ்ப் பெயரை நேரடியாக எழுதினால் சில கட்டமைப்புகள் பிழை காட்டி நிற்கும், சில குப்பையாக அனுப்பும். பெயரை யூடிஎஃப்-8இல் குறியாக்கி அனுப்பும் முறை 2011இல் வந்த ஆர்எஃப்சி 6266இலேயே இருக்கிறது. ஒரு வரி வேலை.

ஆக, மூன்றுக்கும் தீர்வு இருக்கு. எங்களுக்கு விசனம் தருவது, தீர்வைத் தேடாமல் எடுக்கப்படும் மூன்று குறுக்குவழிகள்தான்.

ஒன்று, பாமினிக்குப் போவது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு அது. தாளில் அழகாக வரும். அதிலிருந்து ஒரு வரியைப் பிரதி எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். இரண்டு, தமிழைப் படமாக்கி ஒட்டுவது. கண்ணுக்குச் சரி, ஆனால் தேட முடியாது. பார்வையற்ற ஒருவரின் திரைவாசிப்பானுக்கு அந்தப் பக்கம் வெறும் வெள்ளைத்தாள். மூன்று, எல்லாவற்றிலும் மோசமானது: “தமிழ் சரிவராது, இங்கிலீசிலேயே குடுப்பம்.”

இந்த மூன்றாவதைக் கொஞ்சம் நிதானமாக யோசியுங்கோ. 1956இல் ஒரு சட்டம் போட்டுத்தான் தமிழை அரச கடதாசிகளிலிருந்து விலத்தினார்கள். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்று எழுதியது. நடைமுறையில் அது எவ்வளவு தூரம் வந்தது என்பது வேறு சண்டை. ஆனால் எங்கட சனத்துக்காக, எங்கட பெடியளும் பெட்டையளும் எழுதுகிற செயலியில் தமிழ் வேண்டாமென்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அங்கே தமிழை விலத்துவது, சோதித்துப் பார்க்காமல் தெரிவு செய்த ஒரு நிரல்தொகுதி. பேரப்பிள்ளையின் தேர்ச்சி அறிக்கையை வாசிக்க அம்மம்மா இன்னொருவரைக் கூப்பிட வேண்டியிருந்தால், அதற்கு நாங்கள்தான் பதில் சொல்ல வேணும்.

“வாடிக்கையாளர் தமிழ் கேட்கேல்லையே” என்பார்கள். கொம்பு சரியான இடத்தில் நிற்க வேண்டும் என்று ஒருவர் தனியாகக் கேட்கத் தேவையில்லை. கட்டடம் கட்டுபவரிடம் கதவு திறக்க வேண்டும் என்று யாராவது எழுதிக் கேட்பதுண்டா?

“நேரமில்லை, காசில்லை” என்பது அடுத்த கதை. பிஎச்பியில் பலர் எடுக்கும் எஃப்பிடிஎஃப்புக்கு ஒருங்குறியே தெரியாது. அதையே எம்பிடிஎஃப்புக்கு மாற்றி, தமிழ் எழுத்துருவுக்கான எழுத்துக்கோர்ப்பு அமைப்பை இயக்கினால் கொம்பு இடத்துக்கு வரும். பைதனில் எஃப்பிடிஎஃப்2 பாவிப்பவர்களுக்கு எழுத்துக்கோர்ப்பை இயக்க ஒரு கட்டளை இருக்கிறது. வீசிபிரின்ற்றும் தமிழைக் கோர்க்கும். திரை இல்லாமல் சேர்வருக்குள் ஓடும் குரோமைக் கொண்டும் பிடிஎஃப் எடுக்கலாம். அது நினைவகத்தைக் கொஞ்சம் தின்னும் என்பது உண்மைதான், ஆனால் எழுத்து உடையாது. இவை எல்லாமே இலவசம். நொட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவும் இலவசம், செயலியோடு சேர்த்தே சேர்வரில் வைத்துவிடலாம்.

இன்னொன்றும் கேட்க வேணும்: எல்லாத்துக்கும் பிடிஎஃப் தேவையா? கைபேசியில் ஏ4 தாளை இழுத்து இழுத்து வாசிப்பது ஒரு தண்டனை. சாதாரண இணையப்பக்கமாகவே பற்றுச்சீட்டைக் கொடுத்து, அச்சிடுவதற்கென்று ஒரு பாணித்தாளையும் எழுதிவிட்டால் உலாவியே தமிழைக் கோர்த்துத் தரும். வேண்டியவர் அங்கிருந்தே அச்சிடலாம். கையொப்பமோ முத்திரையோ வேண்டிய ஆவணத்துக்கு மட்டும் பிடிஎஃப்பை வைத்துக்கொள்ளலாம்.

செயலி எழுதுகிற நண்பர்களிடம் நாங்கள் கேட்பது ஒரு சோதனைதான். ‘கொழும்பு’, ‘மேகலா’, ‘பெயர்’, ‘யௌவனம்’, ‘ஸ்ரீ’ ஆகிய ஐந்து சொற்களையும் போட்டு ஓர் ஆவணத்தை ஆக்குங்கள். மடிகணினியில் அல்ல, சேர்வரில். அதைக் கைபேசியில் திறந்து பாருங்கள். பிறகு பிரதி எடுத்து ஒரு வாட்சப் செய்தியில் ஒட்டிப் பாருங்கள். ஏனெண்டால் கண்ணுக்குச் சரியாகத் தெரியும் பிடிஎஃப்களிலும், பிரதி எடுக்கும்போது கொம்பு தனியாகப் பிரிந்து வருவதுண்டு. அப்படி வந்தால் அதே ஆவணத்தில் ‘கொழும்பு’ என்று தேடினாலும் அகப்படாது.

செயலி எழுதாத நண்பர்களுக்கும் வேலை இருக்கு. பெயர் பிழையாக வந்த பற்றுச்சீட்டை மடிச்சு வைக்காமல் திருப்பிக் கொடுங்கள். “இது என்ர பெயர் இல்லை, திருத்தித் தாங்கோ” எண்டு கேளுங்கோ. அடுத்த முறை அந்தக் கோட்டை எழுதுகிற ஆளுக்கு, சோதித்துப் பார்க்க ஒரு காரணமாவது கிடைக்கும்.