அறிந்துகொள்வோம்: நேரம் பார்ப்பதா, நிலை பார்ப்பதா?

பிழைப்பின் பொருட்டு வெளி மாநிலங்களில் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களில், மென்பொருட் சோதனைத் தொழிலில் ஈடுபட்டிருக்கும் இளைஞரும் இளம் பெண்களும் பலர் உளர். "அப்படி என்னதான் வேலை?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பதுண்டு. அவ்வேலையில் ஓயாத தொல்லை தருவது காத்திருத்தல் ஆகும். இம்மாதம் அதனைச் சிறிது ஆராய்வோம்.

நாம் ஓர் இணையப் பக்கத்தைத் திறந்தால், பொத்தான் தோன்றும் வரை கண் பொறுத்திருக்கிறது; அதன் பிறகே கை செல்கிறது. உலாவியைத் தானே இயக்கும் நிரலுக்கு அத்தகைய கண் இல்லை. இக்காலப் பக்கங்களோ ஒரே தவணையில் வருவனவல்ல. முதலில் வெறும் சட்டகம் வரும். பின்னர் ஜாவாஸ்கிரிப்ட் ஓடி, சேவையகத்திடம் விவரங்களைக் கேட்டு வாங்கி நிரப்பும். பக்கம் ஏறி முடிந்தது என்று உலாவி அறிவித்த பின்னும் பட்டியல் வெறுமையாக இருக்கக்கூடும். அக்கணத்தில் தேடும் நிரல் "இல்லை" என்று கைவிரிக்கும். பக்கத்தில் குற்றம் ஏதுமில்லை. ஆயினும் சோதனை தோல்வி என்று பதிவாகிவிடும்.

இதற்குப் புதியவர்கள் காணும் மருந்து, "5 வினாடி உறங்கு" என்று எழுதிவிடுவது. 200 இடங்களில் அவ்வாறு எழுதினால் 1000 வினாடி, அதாவது 16 நிமிடம் 40 வினாடி, உறக்கத்திலேயே கழியும். விவரம் 1 வினாடியில் வந்தாலும் நிரல் விழிக்காது; 6 வினாடியில் வந்தால் பயன்படாது.

ரயில்வே ஊழியன் என்ற முறையில் எனக்கு இவ்விடத்தில் ஒன்று தோன்றுகிறது. அட்டவணை நேரம் வந்துவிட்டது என்பதற்காக மட்டும் எந்த நிலைய அதிகாரியும் வண்டியை அனுப்புவதில்லை. முன்னால் உள்ள நிலையத்திலிருந்து 'லைன் கிளியர்' கிடைக்க வேண்டும். கடிகாரம் எதைக் காட்டினும், பாதை காலி என்னும் செய்தியே அனுமதி. சோதனை நிரலுக்கும் இதுவே நல்ல நெறி.

2004-இல் ஜேசன் ஹக்கின்ஸ் என்பவர் தொடங்கிய செலினியம் என்னும் கருவியில் இதற்கு வழியுண்டு. "இன்ன பொத்தான் அழுத்தத்தக்க நிலைக்கு வரும் வரை பொறு, 10 வினாடிக்கு மேல் பொறுக்காதே" என்று நிபந்தனையும் எல்லையும் சேர்த்துக் கட்டளையிடலாம். அது வழக்கமாக அரை வினாடிக்கு ஒருமுறை எட்டிப்பார்க்கும். நிபந்தனை நிறைவேறிய உடனே நகரும். எல்லாத் தேடலுக்கும் பொதுவாகப் பொருந்தும் மற்றொரு காத்திருப்பும் அதில் உண்டு. இவ்விரண்டையும் கலத்தல் ஆகாது. பொதுவில் 10, தனியில் 15 என்று வைத்தால் 20 வினாடி கழிந்தே தோல்வி தெரியவரலாம் என அக்கருவியின் கையேடே எச்சரிக்கிறது.

2020-இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட பிளேரைட், அழுத்துவதற்கு முன் பொத்தான் கண்ணுக்குத் தெரிகிறதா, அசையாது நிற்கிறதா, செயற்படும் நிலையில் உள்ளதா, வேறெதுவும் அதனை மறைக்கிறதா என்று தானே சோதித்துக்கொள்கிறது. வலைத் தொடர்பு அரை வினாடி அடங்கும் வரை காத்திருக்கும் வழியும் அதில் உண்டு. ஆனால் சோதனைக்கு அதனை நம்ப வேண்டாம் என்கிறது அதன் கையேடு. இடைவிடாது சேவையகத்துடன் பேசிக்கொண்டேயிருக்கும் பக்கங்கள் பல உள்ளன அல்லவா?

இது வெறும் நேரக் கணக்கு அன்று. பொய்த் தோல்விகள் பெருகினால், "மறுபடி ஓட்டு, சரியாகிவிடும்" என்ற வழக்கம் அலுவலகத்தில் வேரூன்றும். ஒரு நாள் பணம் செலுத்தும் பொத்தான் மெய்யாகவே பழுதானாலும், அதையும் அவ்வாறே தள்ளிவிடுவர். ஊரிலுள்ள தாய்க்குப் பணம் அனுப்ப முயலும் யாரோ ஒருவர்தான் அதன் பலனை அனுபவிப்பார்.

ஆகவே நம் இளைஞர்கள் மூன்றை மனத்திற் கொள்வது நன்று. பயனர் கண்ணால் காண்பது எதுவோ, அதையே நிபந்தனையாக வையுங்கள். அதற்கு ஓர் எல்லை குறியுங்கள். எல்லை கடந்தால், எது வரவில்லை என்பதைப் பெயர் சொல்லி அறிக்கையில் எழுதுங்கள். மறுநாள் காலை அதைப் படிப்பவர், பழுது பக்கத்திலா, காத்திருப்பிலா என்பதை உடனே அறிவார்.