நூறு கிராம் ஏலக்காய், ஒரு கிலோ காற்று

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, போடியில் மதினி வீட்டுத் திண்ணையில் இஞ்சு டேப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். எதிரே ஓர் அட்டைப்பெட்டி. நீளம் 25 சென்டிமீட்டர், அகலம் 20, உயரம் 10. மூன்றையும் பெருக்கினால் 5000. கூரியர்காரர்கள் அதை 5000-ஆல் வகுப்பார்கள். வருவது கிலோ கணக்கு. ஆக, அந்தப் பெட்டி ஒரு கிலோ. உள்ளே இருந்தது நூறு கிராம் ஏலக்காய்.

"தராசுல வச்சுக் காட்டவா தம்பி? பெட்டியோட சேர்த்தே இருநூறு கிராம் தாண்டல. ஒரு கிலோன்னு எவன் சொன்னான்?"

எடை, பருமன் இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் அனுப்புக் கூலி என்று விளக்கினேன். மதினி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பொட்டலம் ஒரு மூலையில் கிடக்க, மீதி இடத்தில் பழைய தினசரித் தாளைச் சுருட்டி அடைத்திருந்தார்.

"அப்ப இத்தன நாளும் காத்துக்கா காசு கட்டுனேன்?"

முதல் பதினான்கு ஆர்டர்களுக்கு அப்படித்தான் கட்டியிருந்தார்.

மதினிக்கு ஏலக்காய் தெரியாது என்று போடியில் யாரும் சொல்லிவிட முடியாது. பதினெட்டு வருடம் தரம் பிரிக்கிற இடத்தில் வேலை பார்த்தவர். ஒரு கை அள்ளி உதறினாலே எட்டு எம்எம் எது, ஏழு எம்எம் எது என்று சொல்வார். வெடித்த காய், வெளுத்த காய், பூச்சி துளைத்த காய் எல்லாம் பேச்சுக்கு நடுவிலேயே விரலிடுக்கில் தனித்தனியாகப் பிரியும். முதுகுவலி வந்து வேலையை விட்ட பிறகு, திருப்பூரில் இருக்கும் மகன்தான் "நீயே ஆன்லைன்ல வித்தா என்னம்மா?" என்று ஆரம்பித்து வைத்தான். பிள்ளைகள் பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். ஓடிபி வருகிற நேரத்தில் கூப்பிடு தூரத்தில் இருப்பது கொழுந்தன்தான்.

கணினியில் விற்பது போடிக்குப் புதிது இல்லை. பெங்களூரில் ஃபிளிப்கார்ட் தொடங்கிப் புத்தகம் விற்க ஆரம்பித்த அதே 2007-இல், நறுமணப் பொருள் வாரியம் போடியில் ஏலக்காய்க்கு மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்துவிட்டது. இன்றும் போடியிலும், மலைக்கு அந்தப் பக்கம் வண்டன்மேடு அருகே புத்தடியிலும்தான் ஏலம் நடக்கிறது. உரிமம் பெற்ற வியாபாரிகள் ஆளுக்கொரு கணினி முன்னால் உட்கார்ந்து பட்டனைத் தட்டுகிறார்கள், விலை ஏறுகிறது. ஆனால் தட்டுவதற்கு முன் ஒவ்வொரு லாட்டின் மாதிரியும் அவர்கள் கைக்கு வந்துவிடும். உள்ளங்கையில் கொட்டிப் பார்ப்பார்கள். ஒரு காயை நகத்தால் பிளந்து விதை கறுத்திருக்கிறதா, மணம் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். கண்ணும் மூக்கும் சம்மதித்த பிறகே விரல் பட்டனுக்குப் போகும்.

மதினி இறங்கிய சந்தையில் அந்த உள்ளங்கை இல்லை. சென்னையில் யாரோ ஒருவர் இரவு பதினொரு மணிக்குப் படுத்துக்கொண்டே போனில் ஒரு படத்தைப் பார்த்து வாங்குகிறார். அவருக்கு ஏழும் எட்டும் ஒன்றுதான். காயைப் பற்றி மதினிக்குத் தெரிந்ததை எல்லாம் ஒரு படத்துக்குள்ளும் நாலு வரிக்குள்ளும் கொண்டுவந்தாக வேண்டும்.

முதல் படம் குண்டு பல்பு வெளிச்சத்தில் எடுத்தது. பச்சைக் காய் பழுப்பாகத் தெரிந்தது. ஒரு வாரம் ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை. பிறகு காலை எட்டு மணிக்கு, வாசலில் வெள்ளை வேட்டி விரித்து, காயைப் பரப்பி, பக்கத்தில் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து எடுத்தோம். ஸ்கேல் மதினியின் யோசனை. "எட்டு எம்எம்னு எழுதுனா யாருக்குப் புரியும்? அளந்தே காட்டிருவோம்." அன்று சாயந்தரமே இரண்டு ஆர்டர்.

படத்தில் தேறிய கையோடு இன்னொன்றில் சறுக்கினோம். காய் தெரியட்டும் என்று கண்ணாடிக் கவரில் அடைத்து, ஜன்னலோரம் அடுக்கி வைத்தோம். பத்து நாளில் வெளுத்துவிட்டது. வெளிச்சம் பட்டால் ஏலக்காய் நிறம் போகும் என்பது மதினிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மூட்டைக்குள் கறுப்பு பாலித்தீன் போடுவதே அதற்காகத்தான். "ஆன்லைன்னா வேற மாதிரின்னு நெனச்சுட்டேன் தம்பி" என்றார். எனக்கு அந்த வாக்கியம் முக்கியமாகப் பட்டது. பதினெட்டு வருட அனுபவத்தை ஒரு செல்போனால் இப்படி மறக்கடித்துவிட முடிகிறது.

விற்பனைக் கணக்கு தொடங்கும்போது தளம் முதலில் கேட்டது ஜிஎஸ்டி எண். முன்பெல்லாம் ஆன்லைனில் ஒரே ஒரு பொட்டலம் விற்பதற்கும் அது கட்டாயம். 2023 அக்டோபர் 1 முதல் சிறு விற்பனையாளருக்கு ஒரு சலுகை வந்தது: ஜிஎஸ்டி வரம்புக்குக் கீழே விற்கிறவர், சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்பதாக இருந்தால், பான் எண்ணைக் கொடுத்து ஒரு பதிவு எண் வாங்கிக்கொண்டால் போதும். மதினி அந்த வழியில்தான் போனார்.

நல்ல சலுகைதான். ஆனால் எங்கள் ஊரில் வைத்துப் பார்த்தால் சிரிப்பு வரும். இந்தக் காய் விளைவது பெரும்பாலும் மலைக்கு மேலே இடுக்கி மாவட்டத்தில். அந்தத் தோட்டங்களில் பல, தேனி மாவட்டத்துக்காரர்களுடையவை. மெட்டுப் பாதைகளில் தினமும் ஜீப் ஜீப்பாகத் தொழிலாளர்கள் ஏறி இறங்குகிறார்கள், மூட்டைகளும் இறங்குகின்றன. அப்படி இறங்கிய காயில் நூறு கிராமை ஐந்நூறு கிலோமீட்டர் தாண்டி சென்னைக்கு மதினி ஆன்லைனில் விற்கலாம். போடிமெட்டைத் தாண்டிப் பூப்பாறைக்கு விற்கக் கூடாது. அது வேறு மாநிலம். கம்பத்தில் ஒருவர் விற்றால் குமுளிக்காரர் வாங்க முடியாது. எல்லையோரத்துச் சிறு விற்பனையாளருக்கு ஆண்டுக்கு இவ்வளவு தொகை வரை பக்கத்து மாநிலத்துக்கும் விற்கலாம் என்று ஒரு விதி வந்தால் யாருக்கும் நட்டமில்லை.

உணவுப் பாதுகாப்புப் பதிவு அவ்வளவு சிக்கலாக இல்லை. மதினி பதிந்தபோது, ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை விற்பவருக்குக் கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய். கிடைக்கும் 14 இலக்க எண்ணை லேபிளில் போட வேண்டும். கூடவே நிகர எடை, அதிகபட்ச விலை, பேக் செய்த மாதம், முகவரி, தொடர்பு எண்.

அந்த அதிகபட்ச விலையில்தான் மாட்டிக்கொண்டோம். அச்சகத்தில் ஐந்நூறு லேபிள் சேர்த்து அடித்தால் மலிவு என்று விலையையும் சேர்த்தே அடித்துவிட்டோம். ஏலக்காய் விலை நம் லேபிளுக்காகக் காத்திருக்குமா? 2018 வெள்ளமும் அதை அடுத்து வந்த வறட்சியும் காயைக் குறைத்ததில், 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஒரு கிலோ 7000 ரூபாய் வரை போன பண்டம் இது. எங்களுக்கு வந்தது அவ்வளவு பெரிய ஏற்றம் இல்லை; ஆனாலும் அச்சடித்த விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்க வழியில்லை. மிச்ச லேபிள்கள் அடுப்பங்கரை அலமாரியில் கிடக்கின்றன. இப்போது விலைக்கு மட்டும் இடம் விட்டு அடித்து, ரப்பர் ஸ்டாம்பு குத்துகிறோம்.

வாரம் ஒரு லட்சம் சம்பாதிக்கலாம் என்கிற வீடியோக்களில் ரப்பர் ஸ்டாம்பு வராது. பிடித்தம் போகக் கைக்கு என்ன வரும் என்பதும் வராது. கமிஷன், ஆர்டருக்கு ஆர்டர் ஒரு நிலையான கட்டணம், அனுப்புக் கூலி, இந்தச் சேவைகளின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. பதிவு பெற்ற வியாபாரி அந்தப் 18-ஐத் தன் வரிக் கணக்கில் கழித்துக்கொள்வார். மதினி போன்றவர்களுக்கு அது போனது போனதுதான்.

அதைவிட வலித்தது ஓசூருக்குப் போய்த் திரும்பி வந்த ஒரு பெட்டி. கேஷ் ஆன் டெலிவரி. வாசலில் வந்து நின்றவரிடம் வாங்க மனமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். பத்தொன்பது நாள் கழித்து, மழையில் ஊறி ஒரு பக்கம் அமுங்கி வந்தது. மதினி பிரித்து முகர்ந்து பார்த்தார். மணம் இருந்தது, ஆனாலும் அதை இன்னொருவருக்கு அனுப்ப மனம் வரவில்லை. வீட்டுப் பாயசத்துக்கு ஆயிற்று. அன்றோடு கேஷ் ஆன் டெலிவரியை நிறுத்தச் சொல்லிவிட்டார். ஆர்டர் குறைந்தது, தூக்கம் வந்தது.

இதெல்லாம் கேள்விப்பட்டு, "கம்பம் பன்னீர் திராட்சைக்குத்தான் 2023-லயே புவிசார் குறியீடு வந்துருச்சே, அதையும் போடலாமே மாப்ள" என்றார் ஒரு சொந்தக்காரர். அவர் ஒரு கிலோ திராட்சையைக் கட்டைப்பையில் போட்டு, தேனி பேருந்து நிலையத்திலிருந்து மதுரை வரை நின்றுகொண்டே போய்ப் பார்க்கட்டும்.

அளந்த கதைக்கு வருகிறேன். 15-க்கு 10-க்கு 5 என்று சின்னப் பெட்டி வாங்கினோம். பெருக்கி வகுத்தால் 150 கிராம். எங்கள் தளத்தில் அனுப்புக் கூலி அரைக் கிலோவில் தொடங்குகிறது. அதற்குள் நூறு கிராம் அனுப்பினாலும் 250 கிராம் அனுப்பினாலும் ஒரே கூலி. இதைச் சொன்னதும் மதினி நூறு கிராம் விற்பதையே நிறுத்திவிட்டார். இப்போது 250 கிராம் பொட்டலம் மட்டும்தான், உள்ளே வெள்ளிநிறத் தாள் உறையில். காற்றுக்கு இடம் இல்லை.

உங்கள் வீட்டிலும் யாராவது தொடங்குவதாக இருந்தால் ஒன்று சொல்வேன். கடை திறந்ததும் முதல் பொட்டலத்தை வெளியூர்ச் சொந்தக்காரர் ஒருவரை ஆர்டர் போடச் சொல்லுங்கள். பெட்டி எப்படி வந்து சேர்ந்தது என்று அவர் பிரிக்கும்போதே வீடியோ காலில் பாருங்கள். நாங்கள் அதைப் பதினைந்தாவது ஆர்டரில் செய்தோம். காசை அவருக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்; ரிவ்யூ மட்டும் எழுதச் சொல்லாதீர்கள்.