உங்கள் காரை ஓட்டி கேட்டைச் சோதிக்காதீர்கள்

என்னிடம் படித்த பிள்ளைகளுக்கும் சொந்தங்களுக்கும் எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் தானியங்கி கேட் வைத்திருப்பவர்களும், வைக்கப் போகிறவர்களும், அபார்ட்மெண்ட் அசோசியேஷனில் பொறுப்பில் இருப்பவர்களும் முழுதாகப் படியுங்கள். மற்றவர்கள் நடுவில் வரும் இயற்பியலைத் தாண்டிப் போகலாம். வகுப்பிலும் பாதிப் பேர் அதைத்தானே செய்தீர்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் எங்கள் குடியிருப்பின் கேட், இங்கே நாலு வீட்டில் வேலை பார்க்கும் ஒரு அம்மாவின் மேல் மூடிக்கொண்டது. பக்கவாட்டில் நகரும் இரும்பு கேட். பதினைந்து அடி அகலம், எடை நானூறு கிலோவுக்குக் குறையாது. அவர் தன் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ஒரு காருக்குப் பின்னால் வெளியே போயிருக்கிறார். கார் போய்விட்டது. தெருவில் பள்ளிக்கூட வேன் வந்ததால் இவர் வாசலிலேயே காலை ஊன்றி நின்றார். கேட் பக்கவாட்டில் வந்து வண்டியோடு சேர்த்து அவரைத் தள்ளியது. இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. பாத்திரம் தேய்த்துப் பிழைப்பவருக்கு ஆறு வாரம் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முதலில் எழுந்த குரல், "பார்த்துப் போயிருக்க வேண்டாமா?" என்பது. இரண்டாவது குரல், "ஒரு வருஷமாக கேட் நன்றாகத்தானே வேலை செய்கிறது" என்பது.

இரண்டாவது பேச்சு உண்மைதான். காரில் போகிற எங்களுக்கு நன்றாகத்தான் வேலை செய்தது. என் கருத்தும் அங்கேதான் தொடங்குகிறது. அந்த கேட்டுக்கு கார் மட்டுமே தெரியும்படி நாங்கள் செய்து வைத்திருந்தோம். அந்த அம்மா கேட்டைப் பார்க்கவில்லை என்று பேசுகிறோம். கேட் அவரைப் பார்க்கவில்லை என்பதுதான் நடந்தது. அந்தக் கொட்டேஷனில் கையெழுத்துப் போட்ட ஐந்து பேரில் நானும் ஒருவன். பல வருஷம் மின்காந்தத் தூண்டல் பாடம் நடத்தியவன், தாளில் தொகையை மட்டும் பார்த்துவிட்டுப் போட்டேன்.

கேட்டுக்கு உள்பக்கம் சாலையில் செவ்வகமாக ஒரு கருப்புக் கோடு தெரியும், பார்த்திருப்பீர்கள். அதற்கு அடியில் கம்பிச்சுருள் இருக்கிறது. லூப் என்று சொல்கிறார்கள். எங்கள் மாடி வீட்டுப் பெரியவர் ஒருவர் அது எடை பார்த்துத் திறக்கிறது என்று நம்பி, அதன் மேல் நின்று இரண்டு தடவை குதித்தும் பார்த்தார். எடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கான்கிரீட்டில் நாலு மில்லிமீட்டர் அகலத்துக்கும் நாலைந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கும் பள்ளம் வெட்டி, காப்புறை போட்ட கம்பியை நாலைந்து சுற்று சுற்றி, மேலே எபாக்சியோ தாரோ ஊற்றி மூடியிருப்பார்கள். கம்பியின் இரண்டு முனையும் மோட்டார் பெட்டிக்குள் இருக்கும் டிடெக்டருக்குப் போகும். டிடெக்டர் அந்தச் சுருளில் நொடிக்குச் சில பத்தாயிரம் தடவை அலையும் மின்னோட்டத்தை ஓட விடுகிறது. சுருளும் மின்தேக்கியும் சேர்ந்த அலையியற்றி. பிளஸ் டூவில் படித்ததுதான்.

மேலே ஓர் உலோகப் பரப்பு வந்தால் அதில் சுழல் மின்னோட்டம் பிறக்கும். லென்ஸ் விதிப்படி அது தன்னைப் பிறப்பித்த காந்தப்புலத்தையே எதிர்க்கும். சுருளின் மின்தூண்டல் எண் குறையும், அதிர்வெண் ஏறும். அந்த ஏற்றத்தைக் கண்டு டிடெக்டர் ரிலேயைத் தட்டும், கேட் திறக்கும். இரும்பு என்றால் மின்தூண்டல் கூடத்தானே வேண்டும் என்று முன்வரிசையில் யாராவது கேட்பீர்கள். நல்ல கேள்வி. இந்த அதிர்வெண்ணில் சுழல் மின்னோட்டத்தின் கைதான் ஓங்கி நிற்கிறது. அதனால்தான் அலுமினியமும் தெரிகிறது.

கார் என்பது தரையோடு தாழ்ந்து படுத்த பெரிய உலோகத் தட்டு. அது வந்தால் மாற்றம் சில சதவீதம்கூட இருக்கும். சின்ன இரு சக்கர வண்டிக்கு ஒரு சதவீதத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போகலாம். காரணம் அளவு மட்டுமில்லை. லூப்பின் நடுவில் காந்தப்புலம் செங்குத்தாக மேலே எழுகிறது. வண்டிச் சக்கரமும் செங்குத்தாக நிற்கிறது. ரிம் என்னும் வளையத்தின் ஊடாகப் புலம் பாயாமல் பக்கத்தில் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. அதே வண்டி கம்பியின் மேலேயே, கம்பி ஓடும் திசையிலேயே போனால் புலம் ரிம்மைக் குறுக்கே துளைக்கும், டிடெக்டருக்குத் தெரியும். ஆனால் யார் வண்டியை ஓரக் கோட்டின் மேல் ஓட்டுகிறார்கள்? எல்லோரும் நடுவில்தான் போகிறோம்.

ஆகவே இரு சக்கர வண்டிக்காரரைக் கண்டுகொள்வது தானாக நடக்காது. நாம் நினைத்துச் செய்தால்தான் உண்டு.

எங்கள் வாசலில் என்ன செய்திருந்தார்கள் என்பதைப் பெட்டியைத் திறந்து பார்த்தபோதுதான் அறிந்தேன். துணைக்கு வந்தவன் 1998-ல் என்னிடம் பிளஸ் டூ படித்தவன், இப்போது இதே தொழிலில் இருக்கிறான். லூப்பை நகரும் கேட்டிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பதித்திருக்கிறார்கள். குறைந்தது ஒரு மீட்டராவது தள்ள வேண்டும். பக்கத்திலேயே நானூறு கிலோ இரும்பு ஓடினால் லூப் அதையே வண்டி என்று நினைக்காதா? நினைத்தது. மூடும் கேட்டைக் கண்டு கேட் தானே திறந்துகொண்டது. லூப்பிலிருந்து பெட்டி வரை வரும் இரண்டு கம்பிகளையும் மீட்டருக்கு இருபது முறுக்காவது முறுக்கியிருக்க வேண்டும். அப்போதுதான் ஒன்றின் புலத்தை மற்றது அடித்துவிடும், வழியில் எதையும் பிடிக்காது. முறுக்கவே இல்லை. மோட்டாரின் மின்கம்பி போகும் அதே குழாயில் இதையும் சேர்த்து இழுத்திருந்தார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு யாருமில்லாமல் கேட் திறந்த நாட்கள் உண்டு. வாட்ச்மேன் முனியப்பன் கோயிலில் எலுமிச்சம்பழம் வாங்கி வந்து கட்டினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், எங்களில் ஒருவர்கூட வேறு விளக்கம் சொல்லவில்லை.

புகார் போனதும் வேலைக்காரப் பையன் வந்தான். தப்பைத் திருத்தப் பள்ளத்தைத் திரும்ப வெட்ட வேண்டும். அதற்குப் பதிலாக டிடெக்டரில் உணர்திறன் ஸ்விட்சை ஆகக் குறைந்த படிக்கு இறக்கிவிட்டுப் போனான். பேய் ஓடிவிட்டது. கூடவே எக்ஸ்எல், ஸ்கூட்டி, சைக்கிள் எல்லாம் கேட்டின் கண்ணிலிருந்து ஓடிவிட்டன. சோதித்துக் காட்டியது செக்ரட்டரியின் காரை ஓட்டி. கார் போனது, கேட் திறந்தது, நாங்கள் கை தட்டாத குறை.

அன்றிலிருந்து ஸ்கூட்டியில் வருபவர்கள் காருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகவோ, வாட்ச்மேனைக் கூப்பிட்டுப் பொத்தானை அழுத்தச் சொல்லவோ பழகிவிட்டார்கள். யாரும் புகார் சொல்லவில்லை. வேலைக்கு வருபவர்கள் எங்கே போய்ச் சொல்வார்கள்?

இதோடு முடியவில்லை. எங்களிடம் இருந்தது திறப்பதற்கான லூப் மட்டும். கேட் ஓடும் பாதையில் வண்டி நிற்கும்போது மூடாமல் தடுக்கப் பாதுகாப்பு லூப் என்று வேறு போட வேண்டும். நகரும் கேட்டுக்கு இரண்டு பக்கமும். அது போடவில்லை, கார் போனபின் பன்னிரண்டு நொடிக் கணக்கில் கேட் மூடிக்கொள்ளும். குறுக்கே அகச்சிவப்புக் கதிர் போடும் ஃபோட்டோசெல் ஒரு ஜோடி கொட்டேஷனில் இருந்தது. "அதுதான் லூப் இருக்கிறதே" என்று அடித்தோம். அடித்த பேனா யாருடையது என்று நினைவில்லை, என்னுடையதாகவும் இருக்கலாம். இடித்தால் திரும்பும் வசதி மோட்டாரிலேயே உண்டு. ஆனால் தண்டவாளத்தில் மணல் சேர்ந்து கேட் அடிக்கடி நின்றதால் விசையை மேல் படிக்கு ஏற்றிவிட்டிருந்தார்கள். தண்டவாளத்தைப் பெருக்கியிருந்தால் போதும்.

இப்போது கூட்டத்தில் வந்த யோசனைகள். பன்னிரண்டு நொடியை முப்பதாக்கலாம் என்றார் ஒருவர். முப்பத்தோராவது நொடியில் ஒருவர் வாசலில் நின்றால்? கடிகாரத்துக்கு வாசலில் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது, அதன் எண்ணை மாற்றியும் தெரியாது. இரு சக்கர வண்டிகள் சின்ன கேட் வழியாக உருட்டிக்கொண்டு போகட்டும் என்றார் இன்னொருவர். அவர் மகனுக்கு புல்லட் இருக்கிறது. அவனும் உருட்டுவானா என்று கேட்டேன், பதில் வரவில்லை. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு வாட்ச்மேனே திறக்கட்டும் என்பது மூன்றாவது. இதில் ஒரு நியாயம் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அறுபத்தெட்டு வயதுக்காரரை மழையில் நாளைக்கு இருநூறு தடவை கேட் தள்ள வைப்பதற்கு என் கை தூக்கவில்லை.

என் கருத்து இது. லூப் நல்ல பொருள், சரியாகப் போட்டால். போட்டபின் அந்த வாசலில் வரும் ஆகச் சின்ன வண்டியை வைத்துத்தான் சோதிக்க வேண்டும். எங்கள் வாசலில் அது எக்ஸ்எல். உங்கள் வாசலில் குழந்தையின் சைக்கிளாக இருக்கலாம். அது நடுவில் போகும்போதும், ஓரத்தில் போகும்போதும், நின்றுவிட்டுக் கிளம்பும்போதும் டிடெக்டரின் விளக்கு எரிய வேண்டும். அப்படி எரிகிற படியில் உணர்திறனை வையுங்கள். அந்தப் படியில் கேட்டையே வண்டி என்று நினைத்தால் லூப் தப்பான இடத்தில் இருக்கிறது என்று பொருள். வெட்டி மாற்றுங்கள், ஸ்விட்சை இறக்காதீர்கள்.

இன்னும் சில விஷயம், வேலை நடக்கும்போது கூட நின்று பார்ப்பவர்களுக்கு. செவ்வகத்தின் மூலைகளைச் சாய்த்து வெட்டச் சொல்லுங்கள், கூர்மையான மூலையில் கம்பியின் உறை கிழியும். எட்டு வடிவத்தில், நடுவிலும் வண்டி போகும் திசையில் ஒரு பள்ளம் வெட்டிச் சுற்றினால் நடுவில் வரும் இரு சக்கர வண்டியும் மாட்டும். பள்ளத்துக்குள் கம்பியில் இணைப்பு கூடாது. மூடுமுன் மெக்கர் வைத்துத் தரைக்குக் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதை விட்டால் ஐப்பசி மழையில் தெரியும். பாதுகாப்பு லூப்புக்கு வண்டி எவ்வளவு நேரம் நின்றாலும் மறக்காத அமைப்பை வையுங்கள். சில நிமிடத்தில் மறந்துவிடும் அமைப்பும் அதே பெட்டியில் இருக்கிறது, அது வேறு வேலைக்கு. தண்ணீர் லாரி வந்தால், உயரமான அதன் நடுப்பாகத்தின் கீழ் டிடெக்டர் லாரியைத் தவறவிடும். அதற்கென்று வண்டியைக் கண்டபின் உணர்திறனைத் தானே உயர்த்திக்கொள்ளும் ஸ்விட்ச் ஒன்று உண்டு, போட்டுவிடுங்கள். கரண்ட் போய் வரும்போது டிடெக்டர் அந்த நேரத்தில் இருப்பதைத்தான் வெறும் தரை என்று கணக்கு வைத்துக்கொள்ளும். அப்போது லூப்பின் மேல் கார் நின்றால் அந்தக் காரே அதற்குத் தரை. வாட்ச்மேனுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்.

லூப்புக்கு மனிதர் தெரியாது. நடந்து வரும் தாத்தாவும், பந்தின் பின்னால் ஓடும் பிள்ளையும் அதற்கு இல்லை. அதனால் ஃபோட்டோசெல்லும், கேட்டின் முன்விளிம்பில் தொட்டால் நிற்கும் ரப்பர் பட்டையும் கட்டாயம். பணம் போதவில்லை என்றால் தானியங்கியை அடுத்த வருஷத்துக்குத் தள்ளுங்கள், இவற்றை அடிக்காதீர்கள்.

நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு கூட்டம் ஒப்புக்கொண்டது. கேட் இப்போது கையால்தான் திறக்கிறது, தள்ளுவதற்கு வாட்ச்மேனோடு நாங்களும் முறை வைத்து நிற்கிறோம். அந்த அம்மாவின் வைத்தியச் செலவையும் ஆறு வாரச் சம்பளத்தையும் அசோசியேஷன் கொடுக்கிறது. "சம்பளம் எதற்கு, செலவு போதாதா?" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். கையெழுத்துப் போட்ட ஐவரும் பாதியை ஏற்கிறோம் என்றதும் அடங்கினார்கள். அவரிடம் போய்ச் சொன்னபோது, "நான்தான் சார் அவசரத்துல நின்னுட்டேன்" என்றார். இல்லையம்மா என்று சொல்லி, அவருக்குப் புரிகிற மாதிரி விளக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. விளக்கியபின் அவர் கேட்டார்: "அப்போ ஒரு வருஷமா நாங்க பின்னாடியே ஓடுனது இதனாலதானா சார்?"

புதன்கிழமை வெட்டும் மெஷின் வருகிறது. கம்பி பதித்து, மூடுவதற்கு முன்பே அன்று மாலை நாலு மணிக்குச் சோதனை. அவருடைய எக்ஸ்எல் ஹேண்டில் வளைந்து மெக்கானிக்கிடம் கிடக்கிறது. பக்கத்தில் இருக்கும் பழைய மாணவர்கள் யாரிடமாவது எக்ஸ்எல் இருந்தால் ஓட்டிக்கொண்டு வாருங்கள். காபி உண்டு.