படம் சரி, பாகம் சரியா?

விவேக் நகரில் எங்கள் தெருவில் ஒரு ஞாயிறு மாலை 'டப்' என்று ஒரு சத்தம். மாடி வீட்டுப் பையன் பொறியியல் மூன்றாம் ஆண்டு. கல்லூரி புராஜெக்டுக்காக மேசைமேல் கட்டியிருந்த பவர் சப்ளையில் கெப்பாசிட்டர் வெடித்துவிட்டது. நல்ல வேளை, அந்த நேரத்தில் அவன் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கவில்லை. "அங்கிள், படத்துல இருக்கற மாதிரியேதான் செஞ்சேன்" என்றான், அழாத குறையாக.

படத்தை வாங்கிப் பார்த்தேன். 12 வோல்ட் டிரான்ஸ்பார்மர், நான்கு டயோடு, ஒரு கெப்பாசிட்டர், 7805 ஐ.சி. பல்லாண்டுகளாக எல்லோரும் கட்டுகிற சர்க்யூட்தான். படத்தில் கெப்பாசிட்டர் 25 வோல்ட். அவன் வைத்தது 16 வோல்ட். கடையில் "25 இல்லை, ரெண்டும் ஒண்ணுதான்" என்று கொடுத்துவிட்டார்களாம். ஒன்றல்ல. 12 வோல்ட் ஏ.சி., டி.சி. ஆகும்போது உச்சத்துக்கு, அதாவது சுமார் 17 வோல்ட்டுக்கு ஏறும். டயோடுகளில் ஒன்றரை வோல்ட் போனாலும் பதினைந்தரை நிற்கும். சுமை இல்லாதபோது டிரான்ஸ்பார்மர் 12-க்கு மேலேயே தரும். வீட்டுக்கு வரும் 230-ம் சில இரவுகளில் ஏறிவிடுகிறது. 16 வோல்ட் கெப்பாசிட்டர் எப்படித் தாங்கும்?

பையனை நான் குறை சொல்லவில்லை. படத்தில் 25 என்று இருந்ததே தவிர, ஏன் 25 என்று இல்லை. வரைந்தவர் அதைக் கட்டிப் பார்த்தாரா, எத்தனை ஆம்பியர் எடுத்தார், ஐ.சி. எவ்வளவு சூடானது, எதுவும் இல்லை. நகலுக்கு நகலாக வந்த படம். நம் பிள்ளைகளில் பலர் இப்படிப்பட்ட படத்தை நம்பித்தான் மின்சாரத்தில் கை வைக்கிறார்கள்.

இத்தனைக்கும் நல்ல சரக்கு இலவசமாகவே கிடைக்கிறது. ஐ.சி. தயாரிக்கும் கம்பெனிகளே 'ரெஃபரன்ஸ் டிசைன்' என்று வெளியிடுகின்றன. 1985-லேயே நம் பெங்களூருக்கு வந்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வெளியிட்டவை ஏராளம். சர்க்யூட் படம், தயாரிப்பாளர் எண்ணோடு பாகங்களின் பட்டியல், பி.சி.பி. வரைபடம், இவற்றோடு சோதனை அறிக்கையும் இருக்கும். பவர் இன்டக்ரேஷன்ஸ் கம்பெனியின் அறிக்கைகள் டிரான்ஸ்பார்மரில் எந்தச் சுற்றை முதலில் சுற்றுவது, இடையில் எங்கே டேப் ஒட்டுவது என்பது வரை சொல்லும். நான் எப்போதும் கடைசிப் பக்கங்களிலிருந்துதான் படிப்பேன். முழுச் சுமையில் எத்தனை டிகிரி, எத்தனை மில்லிவோல்ட் ரிப்பிள் என்ற அளவுகள் இல்லாவிட்டால் அது சோதித்த டிசைன் என்று ஏற்பதில்லை. வெபென்ச் போன்றவற்றில் எண்களைக் கொடுத்தால் கம்ப்யூட்டரே டிசைன் செய்து தருகிறது. நல்ல கணக்குதான். ஆனால் கணக்கு வேறு, கட்டி அளந்தது வேறு.

சோதித்த டிசைனும் அப்படியே கட்டினால்தான் சோதித்த டிசைன். எஸ்.பி. ரோட்டில் கிடைத்த ஏதோ ஒரு காயிலை மாற்றி வைத்தால், ஸ்விட்ச் மோட் சப்ளையில் அது கரண்ட் தாங்காமல் பூரிதமாகி ஐ.சி.யையே எரித்துவிடலாம். பி.சி.பி.யில் அளந்ததை பிரெட்போர்டில் கட்டினால், நீண்ட கம்பிகளாலேயே அது தாறுமாறாக ஓடும். ஏன் என்று ஆழமாகத் தெரிந்துகொள்ள விரும்பும் மாணவர்களுக்கு, நம் ஊர் ஐ.ஐ.எஸ்.சி.யில் பேராசிரியர் வி. ராமநாராயணன் எழுதிய ஸ்விட்ச் மோட் பாடக்குறிப்பு இருக்கிறது. கடினம்தான், ஆனாலும் படிக்கலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பள்ளிப் பிள்ளைகள் 230 வோல்ட்டைத் தொடவே வேண்டாம். பி.ஐ.எஸ். முத்திரையுள்ள, மூடிய 12 வோல்ட் அடாப்டர் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு வருவதை அவர்கள் கட்டட்டும். அதிலும் 7805-இல் அரை ஆம்பியர் எடுத்தால் மூன்றரை வாட் சூடு. ஹீட் சிங்க் இல்லாமல் விரல் வைத்தால் தெரியும். "பத்தாயிரம் கொடுத்து ரெடிமேட் புராஜெக்ட் வாங்கிடலாமே" என்று கேட்ட ஒரு தகப்பனாரிடம் எனக்குக் கோபம்தான் வந்தது. வெடித்த கெப்பாசிட்டரில் அந்தப் பையன் கற்றது அந்தப் பத்தாயிரத்தில் கிடைக்குமா?

அவன் மறுவாரம் பாகத்தின் எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு போனான். மூன்றாவது கடையில் 25 வோல்ட் கிடைத்தது. விலையில் வித்தியாசம் சில ரூபாய்.

நம் சங்க நூலகத்தில் இதற்கென ஒரு கோப்பு வைக்கலாம் என்பது என் யோசனை. ஐந்தாறு சோதித்த டிசைன்கள், ஒவ்வொன்றுக்கும் எந்தப் பாகத்தை மாற்றலாம், எதை மாற்றவே கூடாது என்று தமிழில் ஒரு பக்கக் குறிப்பு. எழுதித் தர நான் தயார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி நேரம் வந்து உட்காரவும் முடியும். மல்டிமீட்டரை நானே கொண்டுவருகிறேன்.